பீரங்கிக்கு எந்தப் பச்சை?

அச்சு அசல்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியாது. சட்டையைத் துவைத்துத்தான் போட்டிருப்பார், வரியை ஒழுங்காகக் கட்டியிருப்பார், பேருந்தில் நகர்ந்து உட்கார்ந்து உங்களுக்கு இடமும் கொடுப்பார். அவரோடு பக்கத்து இருக்கையில் பயணம் செய்து, கைகுலுக்கிப் பிரிந்து, வீட்டுக்கு வந்து "நல்ல மனுஷன்" என்று சொல்லவும் சொல்வீர்கள். ஆனால் தப்பித்தவறி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "அந்தப் பச்சை வண்டி அழகா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டீர்களானால் உங்கள் நிறுத்தம் வரும், போகும். நீங்கள் இறங்கியிருக்க மாட்டீர்கள்.

"பச்சைன்னா எந்தப் பச்சை?" என்பார் அவர்.

குயிலுக்கு ஒரு கூவல் இருப்பதுபோல் இந்த இனத்துக்கு அதுதான் கூவல்.

இனத்துக்குள் உட்பிரிவுகள் பல. திரையரங்கில் கதாநாயகி ரயில் ஏறி அழுதுகொண்டே போகும்போது, அந்த வருஷத்தில் அந்த எஞ்சின் ஓடவில்லை என்று பக்கத்து இருக்கையில் முணுமுணுக்கிறவர் ஒரு பிரிவு. பழைய கடிகாரத்துக்குப் பழைய திருகாணிதான் வேண்டும் என்று கடிகாரத்தை ஓடாமலேயே வைத்திருக்கிறவர் இன்னொரு பிரிவு. எல்லாவற்றிலும் முற்றிய பிரிவு ஒன்று உண்டு. ஒரு ஜாண் நீளப் பிளாஸ்டிக் பீரங்கிக்கு, யுத்தகாலத்தில் அந்தப் பீரங்கிக்கு என்ன வர்ணம் இருந்ததோ அதே வர்ணத்தைப் பூசியே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்.

அவர் செய்வதைப் பொம்மை என்று சொல்லக் கூடாது. "பொம்மை குழந்தைங்க விளையாடறது. இது மாதிரி வடிவம்," என்று திருத்துவார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பொம்மை உடைந்தால் குழந்தை மட்டும் அழும். மாதிரி உடைந்தால் வீட்டில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து வருத்தமாக இருக்கவேண்டும்.

இந்தப் பிரிவின் குறைவில்லாத உதாரணம் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். தெருவில் அவருக்குப் பீரங்கிக்காரர் என்று பெயர். அவர் பட்டாளத்தில் இருந்ததில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். எரிந்துபோன கிடங்கு, கவிழ்ந்த லாரி, மூழ்கிய படகு என்று எந்தக் கோப்பு மேசைக்கு வந்தாலும் இரண்டு பக்கம் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஒருமுறை ஏற்றி, கையெழுத்துப் போட்டு, அடுத்ததை எடுப்பார். அலுவலகத்தில் அவரைவிட வேகமாக முடிவெடுக்கிறவர் கிடையாது. மற்றவர் வாழ்க்கை என்றால் ஒரு நிமிஷம் போதும். பீரங்கி என்றால் வேறு கதை.

கதை அவருடைய மாமனாரிடம் ஆரம்பித்தது. மாமனார் இளமையில் பீரங்கிப் படையில் இருந்தவர். குழாயின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்து குறி பார்ப்பது அவருடைய வேலை. இப்போது மகள் வீட்டில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது வேலை. அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்த நாளன்று, கேக்கை வெட்டி முடித்து எல்லாரும் விரலை நக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் சும்மா ஒரு பேச்சாகச் சொன்னார்: "நாலு வருஷம் அதோட இருந்தேன். பக்கத்துல நின்னு ஒரு போட்டோ இல்லை. எடுக்க விடமாட்டாங்க. இன்னொரு தடவை அதைப் பாத்தா நல்லாருக்கும்."

"நான் செஞ்சு தரேன் மாமா, அச்சு அசலா," என்று மாப்பிள்ளை வாயைக் கொடுத்தார். மாமனாருக்குச் சந்தோஷம். மகளுக்கும் சந்தோஷம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணவர் ஒரு நல்ல காரியத்தை முழுதாக முடிப்பார் என்று நம்பியது அவள் வாழ்க்கையில் செய்த ஒரே கணக்குப் பிழை.

அந்த மாதமே பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி வந்தது. பாகங்களை நறுக்கி, உரசி, ஒட்டி, சக்கரம் சுழல்கிறதா, குழாய் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, சாம்பல் நிற அடிப்பூச்சும் பூசி முடித்தார். மளமளவென்று வேலை. மிச்சம் இருந்தது வர்ணம் ஒன்றுதான்.

அந்த ஒன்றுக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

ஏன் ஆகாது? நீங்கள் கேட்கலாம், பெட்டியோடு வந்த தாளில் எந்த வர்ணம் என்று போட்டிருக்குமே என்று. போட்டிருந்தது. அச்சு அசல்காரர் முதலில் நம்பாமல் போவது அதைத்தான். பெட்டி செய்கிறவன் வியாபாரி, அவனுக்குச் சரித்திரம் எங்கே தெரியும்? சரி, பழைய புகைப்படங்கள்? அவை கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையைத் தேடுகிற ஒரு மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? பூதக்கண்ணாடியும் கையுமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வர்ணப் படம் ஒன்று அகப்பட்டது. அதில் பீரங்கியின் பக்கத்தில் நின்றிருந்த சிப்பாயின் முகமும் பச்சையாக இருந்ததால் அதைத் தள்ளுபடி செய்தார்.

கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் வீட்டிலேயே இருந்தார். அவரிடம் போனார்.

"மாமா, உங்க பீரங்கி என்ன கலர்?"

"பச்சை, மாப்பிள்ளை."

"எந்தப் பச்சை?"

மாமனார் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நல்ல பச்சை."

"இல்ல மாமா, இப்ப இந்த ஜன்னல் கதவு இருக்கு, அந்தச் செடி இருக்கு. எதுக்குக் கிட்ட வரும்?"

"வெயில்ல ஒரு பச்சையா இருக்கும். மழையில வேற பச்சை. பெரிய அதிகாரி வர்றப்ப எண்ணெய் போட்டுத் துடைப்போம், அப்ப பளபளன்னு ஒரு பச்சை."

"அதிகாரி வராதப்ப?"

"சேறு."

பீரங்கிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை ஏற்றினார். பிறகு கேட்டார்: "எந்தச் சேறு?"

அந்த மாதம் முழுவதும் சேற்றில் போயிற்று.

அடுத்தது ஸ்பூன்கள். கலந்த வர்ணத்தைப் பீரங்கியில் பூசிப் பார்க்க முடியாது, தவறினால் தொலைந்தது. அதனால் பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் பூசிப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். முதலில் பாக்கெட்டாக வாங்கினார், பிறகு பெட்டியாக வாங்கினார். வீட்டில் எந்த டிராயரைத் திறந்தாலும் ஒரு பச்சை ஸ்பூன் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். வந்தவர்களுக்கு டீ கொடுத்தால் கலக்குவதற்குப் பச்சை ஸ்பூன். "காஞ்சுதான் இருக்கு, ஒண்ணும் பண்ணாது," என்று பீரங்கிக்காரர் சமாதானம் சொல்வார். ஸ்பூன் போதாதபோது சுவர். கூடத்தில் மாமனாரின் நாற்காலிக்கு நேர் எதிரே அலமாரிப் பலகை வைத்த சுவர் ஒன்று இருந்தது. காலை வெளிச்சம் அதில்தான் நேராக விழும் என்று, அங்கே ஒரு தீற்றல், இங்கே ஒரு தீற்றல் என்று இழுக்க ஆரம்பித்து, கடைசியில் சுவருக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

அதற்கும் மேலே ஒரு நண்பர். இந்த இனத்தில் யாரும் தனியாகக் கெடுவதில்லை, பக்கத்தில் இன்னொருவர் இருந்து கெடுப்பார். நகரத்தில் மாதிரி செய்கிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், அங்கே கிடைத்தவர். எதைச் சொன்னாலும் "ஒரு சின்னத் திருத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் அவருடைய பெயரே சின்னத்திருத்தம் என்றாகிவிட்டது. "இன்னைக்கு நல்ல வெயில்" என்றால்கூட அவரிடம் ஒரு திருத்தம் இருக்கும்.

ஒரு வழியாகப் பீரங்கிக்காரர் ஒரு பச்சையை முடிவு செய்து ஸ்பூனை நீட்டிய அன்று, சின்னத்திருத்தம் அதைக் கண்ணருகே கொண்டுபோய், தூர நீட்டி, மறுபடி கண்ணருகே கொண்டுவந்து சொன்னார்: "ஒரு சின்னத் திருத்தம். இது பெரிய பீரங்கியோட கலர்."

"அதானே வேணும்?"

"உங்களுது சின்ன பீரங்கி. ஒரு பொருளை ரொம்பத் தள்ளி நின்னு பாத்தா கலர் வெளுத்துத் தெரியும்ல? சின்னதா செய்யறதுன்னா தள்ளி நின்னு பாக்கற மாதிரி. அப்ப கொஞ்சம் வெள்ளை கலக்கணும்."

"எவ்வளவு வெள்ளை?"

சின்னத்திருத்தம் புன்னகை செய்தார். இன்னொரு வருஷம் போயிற்று.

நடுவில் ஒருநாள் பூங்காவில் காவலாளியிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். அந்தப் பூங்காவின் வாசலில், யாரோ எப்போதோ கொண்டுவந்து நிறுத்திய நிஜப் பீரங்கி ஒன்று உண்டு, மாமனாரின் பீரங்கிக்குத் தூரத்து உறவு மாதிரி. மேல் பூச்சு எல்லாம் பிறகு வந்தது, அடியில் போகப் போக அசல் இருக்கும் என்ற நியாயத்தில் பீரங்கிக்காரர் அதன் அச்சுக்குக் கீழே மல்லாந்து படுத்து, சவரக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"அடியில என்ன கலர்னு பாக்கறேன்."

"மேல இருக்கற கலர் பத்தாதா?"

"மேல இருக்கறது வெள்ளி. பீரங்கி எங்கயாவது வெள்ளியில இருக்குமா?"

"ஊஞ்சலுக்கு அடிச்சது மீந்துச்சு சார்."

சுரண்டியதில் வெள்ளிக்கு அடியில் நீலம் வந்தது. "அது சறுக்குமரம்," என்றார் காவலாளி. நீலத்துக்கு அடியில் மஞ்சள் வந்தது. "அது குப்பைத் தொட்டி." அந்தப் பூங்காவின் சரித்திரம் முழுவதும் அங்கே அடுக்கடுக்காக இருந்தது. யுத்தத்தின் சரித்திரம் மட்டும் இல்லை. கடைசியில் துருதான் வந்தது. சட்டையெல்லாம் துருவோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் கொஞ்சம் சிரிப்பு குறையும்.

மாமனாருக்குக் கண்ணில் தொந்தரவு ஆரம்பித்தது. முதலில் டம்ளரைத் தட்டிவிட்டார். பிறகு கதவின் ஓரத்தில் தோள் இடித்தது. கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுகொண்டு வருகிற நோய். போனது திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு எவ்வளவு காலம் காப்பாற்ற முடியுமோ காப்பாற்றலாம் என்றார் கண் மருத்துவர். மாமனார் கலங்கவில்லை. "ஓரத்துல நிக்கறவங்க எல்லாம் காணாமப் போயிட்டாங்க. பேசணும்னா நடுவுல வந்து நில்லுங்கப்பா," என்று சொல்லிச் சிரித்தார்.

மகள்தான் மருத்துவமனை நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார். நல்ல மனிதர், மாமனார்மேல் உயிர். ஆனால் இனம் இனம்தானே?

"டாக்டர், இந்த நோய்ல பச்சை கலர் மாறித் தெரியுமா?"

மருத்துவர் எழுதிக்கொண்டே, "எந்தப் பச்சை?" என்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவள் சமையலறைக்குள் கணவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, வர்ற திங்கக்கிழமை அப்பாவுக்கு எண்பது. அன்னைக்கு அவர் அந்தப் பீரங்கியைப் பாக்கணும். கலரோட."

"தப்பான கலரோடவா?"

"ரோஸ் கலரா இருந்தாலும் எனக்குப் பரவால்ல."

அவர் வாயில் 'எந்த' வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார்.

"நீங்க கலர் தேடறீங்க, அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. நாளைக்கு அச்சு அசலா செஞ்சு யாருக்குக் காட்டப் போறீங்க? எனக்கா? எனக்கு எல்லாப் பச்சையும் ஒண்ணுதான்."

அவருக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே சுருக்கென்றது. திங்கட்கிழமை தயார் என்று வாக்குக் கொடுத்தார்.

"இன்னொண்ணு. அந்தச் சுவத்தைப் பாக்க முடியல. திங்கக்கிழமை பெயிண்டர் வர்றார். நீங்க கடைக்குப் போறப்ப நல்ல வெள்ளை ஒரு டப்பா வாங்கிட்டு வந்து கூடத்துல வெச்சிடுங்க. அது முன்னாடி வெச்சாத்தான் அப்பாவுக்குப் பீரங்கி பளிச்சுன்னு தெரியும்."

எவ்வளவு தெளிவான திட்டம் பார்த்தீர்களா. கணக்கு வாத்தியார் போட்ட திட்டம். அதில் ஒரே ஒரு தெரியாத எண், கணவர்.

சனிக்கிழமை சாயங்காலம் பீரங்கிக்காரர் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றிலும் ஸ்பூன்களைத் திணித்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனார். எந்த நிறத்தைக் காட்டினாலும் அதேபோல் கலந்து தருகிற இயந்திரம் அங்கே புதிதாக வந்திருந்தது. ஸ்பூன்களைப் பூசிய முதுகு மேலே தெரியும்படி பக்குவமாகத் திருப்பி, மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"எந்த ரூமுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"ரூமுக்கு இல்ல. பீரங்கிக்கு."

கடைக்காரர் பல வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். முகம் மாறவில்லை. "உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

பீரங்கிக்காரர் இதை யோசித்திருக்கவில்லை. "வெளிப்பக்கம்," என்றார் கடைசியில். "பிளாஸ்டிக்ல நிக்கும்ல?"

"சுவத்துல நிக்கறது பிளாஸ்டிக்ல நிக்காதா சார்? அடிப்பூச்சு இருந்தா நிக்கும். நாலு லிட்டருக்குக் கம்மியா மெஷின் கலக்காது."

"எனக்கு ரெண்டு ஸ்பூன் போதுமே."

"நாலு லிட்டர் எடுத்துக்கிட்டு அதுல ரெண்டு ஸ்பூன் எடுத்துக்குங்க."

நியாயம்தான். ஆனால் எந்த ஸ்பூனைக் காட்டுவது? ஒவ்வொன்றாக எடுத்துக் கடை விளக்கில் பார்த்தார், வாசலுக்குக் கொண்டுபோய்த் தெருவிளக்கில் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். கடைசியில் இரண்டு மிஞ்சின. அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, அவருடைய வலது கையில் இருந்ததை மெல்ல உருவி இயந்திரத்தின் கண்ணில் வைத்துவிட்டார். ஐந்து வருஷத்து ஆராய்ச்சி முடிந்தது. டப்பாவில் பாசிப்பச்சை சுற்றிச் சுற்றிக் கலந்தது.

"வேற ஏதாவது வேணுமா சார்?"

"இல்ல, அவ்வளவுதான்," என்றார் பீரங்கிக்காரர். வெள்ளை என்கிற சொல் அவர் மண்டையின் எந்த மூலையிலும் இல்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூடத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பூசினார். சின்னத்திருத்தம் சொன்ன வெள்ளையைக் கலக்கலாமா என்று கை ஒருமுறை தயங்கியது. எவ்வளவு என்று முடிவு செய்ய இன்னொரு வருஷம் வேண்டும் என்று தெரிந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவில் இருந்த கரும்பச்சையை அப்படியே பூசினார். நன்றாக வந்திருந்தது. அவருக்கே நன்றாக வந்ததாகத் தோன்றியது, அது அந்த இனத்தில் அபூர்வம். அலமாரிப் பலகையில் வைத்து, ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது," என்று உத்தரவு போட்டார். மாமனார் அன்று இரண்டு தடவை நாற்காலியிலிருந்து எழுந்து போய், பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போனாள், பீரங்கிக்காரர் அலுவலகத்துக்குப் போனார். அன்று அவர் மனம் இருந்த நிலையில் கோப்புகளை இன்னும் வேகமாகத் தள்ளினார். ஒரு படகு மூழ்கியதை அவர் படிக்கவேயில்லை.

சாயங்காலம் சீக்கிரம் கிளம்பி, வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

எதிர்ச் சுவர் முழுவதும் பச்சை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், அலமாரிப் பலகையும் சேர்த்து, ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாமல், வஞ்சனையில்லாமல் அடித்த ஆலிவ் பச்சை. கூடத்துக்குள் ஒரு காடு வந்து நின்றதுபோல் இருந்தது. மனைவி பள்ளிக்கூடத்துப் பையைக்கூட இறக்கி வைக்காமல் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். பெயிண்டர் பிரஷ்களைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"கலர் சூப்பர் சார். வழக்கமா எல்லாரும் வெள்ளைதான் எடுப்பாங்க."

"யார் இதை அடிக்கச் சொன்னது?"

"அம்மாதான், கூடத்துல டப்பா இருக்கும்னு சொன்னாங்க. இது ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்கே சந்தேகம் வந்து ஐயாகிட்ட கேட்டேன்."

மாமனார் நாற்காலியிலிருந்து தலையாட்டினார். "ஆமா, நான்தான் அடிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை கலர் எடுத்தா அதுல தப்பு இருக்காதுன்னு சொன்னேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

மாமனார் சலவைச் சட்டை போட்டு, தலைவாரி, தயாராக உட்கார்ந்திருந்தார். "சுவர் இருக்கட்டும். பீரங்கி எங்க மாப்பிள்ளை?"

"எதிர்லதான் மாமா. பலகையில."

மாமனார் முன்னால் சாய்ந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். சுவரைக் கண்ணால் மெல்லத் துழாவினார். பிறகு முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டு, யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்கிற குரலில், "தெரியலையேப்பா," என்றார்.

பெயிண்டர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

பீரங்கிக்காரருக்கு அந்த நிமிஷத்தில் எந்தப் பச்சையும் நினைவில் இல்லை. போனது திரும்ப வராது என்று மருத்துவர் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. ஒரு பெட்டி ஸ்பூனுக்கு ஒரு மாதம் என்று, அந்தக் கிழவரின் கண்ணை எடுத்துத் தானே செலவழித்துவிட்டதுபோல் இருந்தது. மனைவியின் கோபம் அப்படியே கண்ணீராக மாறி நின்றது. பீரங்கியை எடுத்து மாமனார் கையிலாவது கொடுப்போம், தடவியாவது பார்க்கட்டும் என்று பீரங்கிக்காரர் சுவர்ப் பக்கம் போனார்.

பலகையில் பீரங்கி இல்லை.

"இங்க இருந்தது எங்க?" என்றார் பெயிண்டரிடம்.

"மூடியிருந்த பெட்டியை எடுத்துட்டு, உள்ள இருந்ததைப் பத்திரமா கீழ வெச்சுட்டு, பலகை காஞ்சதும் அதே இடத்துல வெச்சுட்டேனே சார்."

"எங்க?"

"அதோ..." என்று கையை நீட்டிய பெயிண்டர், நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு விழித்தார். "இருந்துச்சே."

மனைவியும் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. பெயிண்டர் பலகை ஓரமாகக் கையைத் தடவிக்கொண்டே போனார். நடுவில் விரலில் ஏதோ குத்தியது. குழாய். பச்சைக்கு முன்னால் பச்சை, நிழலும் தெரியாமல், விளிம்பும் தெரியாமல், பீரங்கி அவர்கள் மூக்குக்கு முன்னால் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

"என்ன, உங்களுக்கும் தெரியலையா?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"தெரியல மாமா."

"அவளுக்கு?"

"எனக்கும் தெரியலப்பா."

"பெயிண்டருக்கு?"

"கை பட்டுத்தான் தெரிஞ்சுது ஐயா."

மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கி, நாற்காலி கிறீச்சிட, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்ப கலர் சரிதான், மாப்பிள்ளை. நாங்க நாலு வருஷம் வலையைப் போட்டு, இலையைப் போட்டு, சேத்தைப் பூசி, அத்தனை பாடு பட்டதே எவன் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான். உங்களை மாதிரி ஒருத்தர் எங்ககூட இருந்திருந்தா நிம்மதியா தூங்கியிருப்போம்."

மனைவி உள்ளே போய் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவந்து அப்பாவின் மடியில் விரித்தாள். பீரங்கிக்காரர் பீரங்கியை அதன்மேல் வைத்தார். இப்போது தெரிந்தது. மாமனார் அதைக் கண்ணுக்கு நேராக நடுவில் கொண்டுவந்து, மெல்லத் திருப்பி, முதலில் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார். குழாயின் இடது பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க," என்றார். "நாலு வருஷம் என் கண்ணு இங்கதான் இருந்துச்சு."

அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை அந்த இடத்தில் வைத்துக் குனிந்தார். குனிந்தபடியே வெகுநேரம் இருந்தார்.

"யாரைப்பா பாக்கறீங்க?" என்றாள் மகள்.

"உன் வீட்டுக்காரரை. ஆடாம நிக்கச் சொல்லு."

இதோடு ஓர் அச்சு அசல்காரர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு அந்த இனத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. அன்று கேக் வெட்டும்போது சின்னத்திருத்தமும் வந்திருந்தார். சுவரைப் பார்த்தார், மடியில் இருந்த பீரங்கியைப் பார்த்தார். "ஒரு சின்னத் திருத்தம். சுவர் சரியா இருக்கு. பீரங்கிக்குத்தான் கொஞ்சம் வெள்ளை கலந்திருக்கணும். அப்ப தனியாத் தெரிஞ்சிருக்கும்."

பீரங்கிக்காரர் வாயைத் திறந்தார். மனைவி அதில் ஒரு கேக் துண்டை வைத்தாள், பச்சை ஸ்பூனால்.

சுவரை வெள்ளையடிக்க மாமனார் விடவில்லை. கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம். பீரங்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில், அந்தத் துண்டின்மேல், அவருடைய பார்வைக்கு நடுவில் நிற்கிறது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை குனிந்து குறி பார்க்கிறார். வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. ஒருவரைத் தவிர. அவர் நேற்று அந்த முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, துண்டின் ஓரத்தை விரலால் நிரடிப் பார்த்துக்கொண்டு, "இது எந்த வெள்ளை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள். துண்டைத் துவைக்கப் போட்டுவிட்டு, பூப்போட்ட துண்டு ஒன்றை விரித்திருக்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கு இந்த வியாதி இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்கிறீர்கள். நல்லது, ஒரே ஒரு சோதனை. அந்த டப்பாவில் இருந்தது ஒரே பச்சை. அதை இங்கே ஓரிடத்தில் பாசிப்பச்சை என்றும், ஓரிடத்தில் கரும்பச்சை என்றும், இன்னோரிடத்தில் ஆலிவ் என்றும் சொல்லியிருக்கிறது. படித்துக்கொண்டு வந்தபோது அது உங்களுக்கு உறுத்தவேயில்லை என்றால் பிழைத்தீர்கள், போய் வாருங்கள். ஆனால் லேசாக உறுத்தியிருந்தால், மேலே போய் எது எங்கே வருகிறது என்று சரிபார்க்க இப்போது கை துறுதுறுத்தால், அதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். உங்கள் வீட்டிலும் எதையோ இன்னும் கொஞ்சம் சரிசெய்துவிட்டுக் காட்டலாம் என்று மூடி வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்ப்பதற்காக ஒருவர் நாற்காலியில் காத்திருக்கிறார். முதலில் எடுத்துக்கொண்டுபோய் அவர் மடியில் வையுங்கள்.

எந்த நாற்காலி என்று மட்டும் கேட்காதீர்கள்.